சொந்தம் விட்டுப்போகாமல் அரசியல் பேசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2021 தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மீம் போட்டேன். மாமா மதிக்கும் தலைவரைக் கிண்டல் செய்யும் மீம். ஊரே பகிர்ந்துகொண்டிருந்ததுதான், நான் ஒன்றும் சொந்தமாகச் செய்யவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் மாமா தன் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையை அதே குழுவில் போட்டிருந்தார். பத்திரிகைக்கு நேர் கீழே என் மீம், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், பத்திரிகைக்கு ஒரு வாழ்த்துகூட இல்லை. இரவு பத்தரை மணிக்கு அவர் வெளியேறிவிட்டார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. காதுகுத்துக்கு நான் போகவில்லை, கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு அவரை நேரில் பார்த்தது ஒன்றரை வருடம் கழித்து, ஒரு துக்க வீட்டில்.

குழுவை நடத்தும் சித்தப்பா உடனே ஒரு சட்டம் போட்டார்: "இங்கே இனி அரசியல் வேண்டாம்." எல்லாக் குடும்பத்திலும் இந்தச் சட்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்ன ஆனது? குழுவில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் மிஞ்சின. ஒரே கருத்துள்ளவர்கள் தனித்தனிக் குழு ஆரம்பித்து, அங்கே மற்றவர்களைப் பற்றி இன்னும் மோசமாகப் பேசினார்கள். (நானும் ஒன்றில் இருந்தேன், மறைக்கவில்லை.) வாயை மூடிக்கொள்வது சண்டையைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சண்டை போடாமல் பேசுவதைப் பழகத்தான் வேண்டும். நான் தப்பு செய்து கற்றுக்கொண்டதையும், கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டதையும் படிப்படியாக எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. இது உங்களுக்கு முன்பே தெரிந்தவர்களுக்கு: மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர். முகம் தெரியாத கணக்கோடு நடுராத்திரியில் சண்டை போடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள்.

முதல் படி: உங்கள் பூத் கணக்கைப் பாருங்கள்

பேச்சைத் தொடங்கும் முன் தனியாகச் செய்யவேண்டிய வேலை இது. தேர்தல் முடிந்த பிறகு படிவம் 20 என்று ஒன்றை வெளியிடுவார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் தொகுதியை எடுத்து, உங்கள் பூத் எண்ணைத் தேடி, அந்த ஒரு வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நான் பார்த்தபோது கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள் என்று நான் நினைத்த கட்சிக்கு எங்கள் தெருக்காரர்களே பத்துக்கு நாலு பேர் போட்டிருந்தார்கள். அதாவது எனக்கு மாவு அரைத்துத் தருகிறவர், அம்மாவுக்கு ஊசி போட வரும் நர்ஸ், பிள்ளைக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர், இவர்களில் யாரோ சிலர். மாநில அளவிலும் அப்படித்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி சுமார் 45 சதவீதம், அதிமுக கூட்டணி சுமார் 40 சதவீதம். இடங்களோ 159, 75. இடக் கணக்கைப் பார்த்தால் ஒரு பக்கம் துடைத்தெடுக்கப்பட்ட மாதிரி தெரியும், ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் பக்கத்து வீடு தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்த்தரப்பை நாம் எப்போதும் இருப்பதைவிட மோசமாகத்தான் கற்பனை செய்கிறோம். அமெரிக்காவில் 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. எதிர்க்கட்சிக்காரர்களில் தீவிரக் கருத்து உடையவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு கட்சிக்காரர்களையும் கேட்டால், உண்மையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். நம் ஊரில் அளந்தாலும் குறையாது என்பது என் ஊகம். எதிர்த்தரப்பில் நம் கண்ணில் படுவது அதிகம் கத்துகிறவன்தானே.

இரண்டாம் படி: சில வார்த்தைகளைத் தூக்கிப் போடுங்கள்

இருநூறு ரூபாய் ஊபி, சங்கி, அடிமை, டம்ளர், அணில். ஒவ்வொரு கட்சிக்காரரையும் கேலி செய்யும் பட்டப்பெயர்கள், பட்டியல் உங்களுக்கே தெரியும். இதில் எதையாவது சொன்ன நிமிடமே பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன நியாயம் சொன்னாலும் எதிரில் இருப்பவர் காதில் அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருக்கும். "நான் உங்களைச் சொல்லல மாமா, உங்க கட்சிக்காரங்களைச் சொன்னேன்" என்பது இன்னும் மோசம். அவர் முப்பது வருடமாக அந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்.

கூடவே "உங்களுக்கெல்லாம்", "நீங்க எல்லாருமே" என்கிற பன்மையையும் விடுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள். அவர் கட்சித் தலைமை செய்த எல்லாவற்றுக்கும் அவர் வக்கீல் இல்லை.

நீ, நீங்க விஷயமும் இங்கேதான் வருகிறது. வழக்கமாக நீங்க என்று அழைக்கும் ஆளைக் கோபத்தில் நீ என்று சொல்லிவிட்டால், இருபது வருடம் கழித்தும் குடும்பத்தில் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள், விவாதம் எதைப் பற்றி என்பது எவருக்கும் நினைவிருக்காது.

மூன்றாம் படி: இடத்தை மாற்றுங்கள்

நாற்பது பேர் பார்க்கும் குழுவில் யாரும் தோற்க விரும்பமாட்டார்கள். அங்கே மாமா உங்களுக்குப் பதில் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் மருமகன்களுக்குச் சொல்கிறார். நீங்களும் அப்படித்தான். ஒருவர் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், அல்லது "அது சரிதான், எனக்குத் தெரியாது" என்று ஒரு வரி சொல்லவேண்டுமென்றால், வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக்கூடாது.

ஆகவே போன் போடுங்கள், அதைவிட நேரில் பாருங்கள். டீக்கடை நல்ல இடம், பைக்கில் ஒன்றாகப் போவதும் நன்றாக வேலை செய்யும், முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசலாம். நான் கண்ட மிகச் சிறந்த இடம் வேலைக்கு நடுவே: கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது, தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கும்போது. கைக்கு வேலை இருந்தால் குரல் உயராது. மது உள்ளே போன பிறகு மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நான்காம் படி: கருத்தைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

"இலவசம் கொடுத்து நாட்டைக் கெடுக்கிறாங்க" என்று பெரியப்பா சொல்வார். நான் பல வருடம் இதற்குப் புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்துணவுத் திட்டம், பள்ளிக்கு வந்த பிள்ளைகள், பெண்கள் கையில் இருக்கும் காசு. அவர் அவருடைய கணக்கைச் சொல்வார், மாநிலக் கடன், வட்டி. இருவரும் மனப்பாடம் ஆன வசனத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள், களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தபோது வேறு மாதிரி கேட்டேன்: "பெரியப்பா, எப்பலேர்ந்து உங்களுக்கு இப்படித் தோண ஆரம்பிச்சது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். நாலைந்து வருடம் முன்பு நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. நாற்று வயது தாண்டிக்கொண்டிருந்தது. பெரியம்மாவும் அவருமே இறங்கி இரண்டு நாள் நட்டார்கள், மூன்றாம் நாள் பெரியம்மாவுக்கு இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். அந்த வருடம் மீதி அரைக் காணியைத் தரிசாக விட்டுவிட்டார். "வீட்ல உக்காந்தே காசு வந்தா எவன் சேத்துல இறங்குவான்னு அன்னிக்குத் தோணிச்சு" என்றார். இடுப்பு பிடித்த கதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் சொன்ன காரணம் சரி என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. பிள்ளைகள் படித்து ஊரை விட்டுப் போனது, திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனது, நடவுக் கூலி என்னவென்பது எல்லாம் இதில் உண்டு. ஆனால் அவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. நடவு இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாமா என்று பேசினோம். பக்கத்தில் முறத்தோடு இருந்த அத்தை, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு இலவச பஸ்ஸில்தான் போகிறேன், முன்பெல்லாம் மகனிடம் காசு கேட்கச் சங்கடப்பட்டு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போவேன் என்றார். பெரியப்பா அதற்கு மறுப்பு சொல்லவில்லை. "அது வேற" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்ததே பெரிது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2016-ல் அமெரிக்காவின் மயாமி பகுதியில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போய், திருநர்களைப் பற்றி ஏறக்குறைய பத்து நிமிடம் பேச்சு. வாதம் செய்யாமல், தாங்கள் எப்போதாவது வேறுபட்டவர்களாக நடத்தப்பட்ட அனுபவத்தை வீட்டுக்காரர்களே நினைத்துச் சொல்லும்படி கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் குறைந்தபடியே இருந்தது.

கேட்கக் கூடிய சில கேள்விகள்: "முதல்ல எப்போ ஓட்டுப் போட்டீங்க, யாருக்கு?" "உங்க கட்சி செஞ்சதுல உங்களுக்கே பிடிக்காதது எது?" "இதனால உங்க வீட்ல ஏதாவது பாதிப்பு வந்துச்சா?" மூன்றாவது கேள்வியைப் போலீஸ்காரர் மாதிரி கேட்டால் வேலை செய்யாது.

ஐந்தாம் படி: அவர் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துக் குறையை முதலில் சொல்லுங்கள்

"அதாவது மாமா, நீங்க சொல்றது இதுதானே" என்று ஆரம்பித்து அவர் தரப்பை நீங்களே சொல்லிப் பாருங்கள். "ஆமா, அதேதான்" என்று அவர் சொல்லும் வரை உங்கள் தரப்பை எடுக்காதீர்கள். முதல் முறை எனக்கு மூன்று தடவை தப்பானது. அவர் சொல்லாததை நானே சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கஷ்டமான பாதி. நீங்கள் ஆதரிக்கும் கட்சி சறுக்கிய ஓர் இடத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 2016 தேர்தல் முடிந்த கையோடு ஓஹியோவில் ட்ரம்ப் ஆதரவாளர்கள், கிளிண்டன் ஆதரவாளர்கள் சிலரை ஒரு வார இறுதி முழுக்கச் சேர்த்து உட்கார வைத்தார்கள், பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. அதன் பட்டறையை வடிவமைத்த பில் டோஹர்ட்டி குடும்ப ஆலோசகர், புருஷன் பெண்டாட்டி சண்டை தீர்க்கிறவர்! அதில் ஒரு பயிற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பக்கத்தைப் பற்றி எதிர்த்தரப்பு என்ன இளக்காரமாக நினைக்கிறது என்று ஒவ்வொரு பக்கமும் தனியே உட்கார்ந்து எழுதவேண்டும். உண்மை என்ன என்று பதில் எழுதவேண்டும். கடைசியாக, அந்த இளக்காரத்தில் துளி உண்மை இருக்கிறதா என்றும் எழுதி, எதிர்த்தரப்பு முன்னால் வாசிக்கவேண்டும். இதைக் கட்சிக்காரர்கள் இல்லாத ஒரு மாலையில் நண்பர்களோடு செய்து பாருங்கள். கடைசிக் கேள்விக்கு வரும்போது அறையே அமைதியாகும்.

நடுவில் ஓர் ஆட்சேபம்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, நம்ம அரசியலே வன்மத்துல ஓடுறது" என்று சொல்வார்கள். பாதி சரி. 1989 மார்ச் 25-ல் தமிழகச் சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு நடந்தது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தாக்கப்பட்டதாகக் குற்றம்சாட்டிவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு பல வருடம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனால் பதவி போய்விடும் என்று பயந்தார்கள். மேலே இருந்தது அப்படியே கீழே இறங்கியது.

ஆனால் அதே ஊரில்தான் பெரியாரும் ராஜாஜியும் இருந்தார்கள். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சொல்லி எதிர்த்துத் தெருவில் இறங்கியவர் பெரியார், அடுத்த வருடம் ராஜாஜி பதவி விலகினார். கொள்கையில் ஒரு இம்மிகூட இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார் பெரியார். நான் சொல்லவருவது இந்த மாதிரி உறவைத்தான். நடுவில் எங்கேயோ சந்தித்துக் கொள்கையைத் தண்ணீர் ஊற்றிக் கரைப்பது எனக்கும் பிடிக்காது.

சமீபத்திலும் உண்டு. 2016-ல் ஜெயலலிதா பதவியேற்பு விழாவுக்கு வந்த ஸ்டாலினுக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தது பேச்சானபோது, அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜெயலலிதா மறுநாளே அறிக்கை விட்டார். 2021-ல் ஸ்டாலின் பதவியேற்றபோது, அன்று அதிமுகவில் இருந்த ஓ. பன்னீர்செல்வம் வந்து உட்கார்ந்தார். அந்த மாதமே கொரோனா ஆலோசனைக்காக அமைத்த சட்டமன்றக் கட்சிகளின் குழுவில், முந்தைய ஆட்சியில் சுகாதாரத் துறையைப் பார்த்த விஜயபாஸ்கரும் இருந்தார். பெரிய புரட்சி இல்லைதான். ஆனாலும் அன்று டிவியில் இதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டு கிளைச் செயலாளர்கள் ஒரே பெஞ்சில் டீ குடித்ததை நான் பார்த்தேன்.

ஆறாம் படி: ஃபார்வர்டு வந்தால்

பொய்ச் செய்தி வந்ததும் குழுவில் "இது பொய்" என்று போடுவது நமக்குத் திருப்தி, அனுப்பியவருக்கு அவமானம். தனியாக அனுப்புங்கள். "மாமா, இது எங்கேர்ந்து வந்துச்சு? தேதி பழசா இருக்கே" என்று கேள்வியாக வையுங்கள். பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம், அதை வீட்டில் பெரியவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுங்கள். வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அப்படியும் ஓடுகிறது.

எதை ஆதாரமாகக் காட்டுவது என்பதில் கவனம். திமுக நாளேடான முரசொலியைக் காட்டி அதிமுக மாமாவையும், அதிமுக நாளேடான 'நமது அம்மா'வைக் காட்டி திமுக சித்தியையும் மாற்றமுடியாது. அரசுகளின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவுகளும் அந்த அரசை நம்பாதவரிடம் எடுபடாது. வெட்டாத முழு வீடியோ, மூல அரசாணை, வேட்பாளரே கையெழுத்துப் போட்டுத் தேர்தல் ஆணையத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரம், இவைதான் இரண்டு பக்கமும் செல்லும்.

ஏழாம் படி: எங்கே நிறுத்துவது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் ஏமாற்று. "நாகரிகமா பேசு" என்பது நம் ஊரில் பெரும்பாலும் அடிபட்டவனைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. தனிக் குவளையில் டீ வாங்கியவரின் பேரன் கோபமாகப் பேசினால் "என்ன மரியாதை இல்லாம பேசுறான்" என்பார்கள், குவளையைத் தனியாக வைத்தவரின் மரியாதையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். மரியாதை என்ற சொல்லே இங்கே ரொம்ப நாளாகக் கீழிருந்து மேலே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அதனால் ஒரு கோடு வேண்டும். வரி, விலைவாசி, மொழி, கூட்டணி, ஆட்சி, எதைப் பற்றியும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒருவரின் சாதியையோ மதத்தையோ பிறப்பையோ இழுத்து அந்த மனிதர் குறைந்தவர் என்று பேசினால் அது கருத்து வேறுபாடு இல்லை. அப்போது கதை கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. எங்கள் வீட்டுப் பந்தியில், சாதி மாறிக் கல்யாணம் செய்த அத்தை மகள் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் "அவங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தார். என் தம்பி இலையிலிருந்து கையை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னான்: "சித்தப்பா, ஆட்சியைப் பத்திப் பேசுங்க, ஆளைப் பத்தி இந்த வீட்ல வேணாம்." அவ்வளவுதான். ரசம் வந்தது, பேச்சு மாறியது. அன்று மாலை அவன் அவளிடம் தனியாகப் போய்ப் பேசினான், அதுவும் முக்கியம்.

உங்களுக்கே அச்சமாக இருக்கும் இடத்தில், வேலையோ வீடோ பாதுகாப்போ எதிரில் இருப்பவர் கையில் இருந்தால், பாலம் கட்டும் பொறுப்பு உங்களுடையது இல்லை. விலகிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: சேர்ந்து ஒரு மனு

பேச்சு ஓரளவு சரியானதும் ஒரு வேலையில் சேர்ந்து இறங்குங்கள். கிராமத்தில் இதற்குத் தயாராகவே ஓர் இடம் இருக்கிறது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 முறை. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை.

ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள், சிறியதாக. எங்கள் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியின் மோட்டார் எரிந்து மாதக்கணக்கில் கிடந்தது. ஆளும் கட்சிக்காரர் தனியாகக் கேட்டால் "உங்க ஆட்சிதானே" என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் அரசியல் செய்கிறார் என்றார்கள். ஒரே மனுவில் இரண்டு பேரும், கூட ஐம்பது பெண்களும் கையெழுத்துப் போட்டுக் கிராம சபையில் எழுந்து வாசித்தபோது சொல்ல ஒன்றும் இல்லாமல் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். மோட்டார் வர அதற்குப் பிறகும் நாள் ஆனது, அது வேறு கதை.

ஓட்டு எண்ணும் நாள்

இதற்குத் தனியாக ஒரு சின்ன விதி. உங்கள் பக்கம் ஜெயித்தால் அன்று குழுவில் ஒன்றும் போடாதீர்கள், பட்டாசுப் பொம்மைகூட வேண்டாம். தோற்றால் தோற்றது என்று முதல் ஆளாக நீங்களே சொல்லிவிடுங்கள், இயந்திரத்தைக் குறை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அன்று மாலை எதிர்த்தரப்பில் ஒருவருக்குப் போன் போட்டு அரசியல் தவிர வேறு எதையாவது பேசுங்கள்.

துக்க வீட்டில் மாமாவைப் பார்த்தேன் என்றேனே, அங்கே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னிக்குப் பத்திரிகைக்குக் கீழ அதைப் போட்டிருக்கக் கூடாது மாமா" என்றேன். மீம் தப்பு என்று சொல்லவில்லை, இன்னும் எனக்குச் சிரிப்பு வரும் மீம்தான் அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் காபியில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். 2024 ஜூன் 4 மாலை அவரே கூப்பிட்டார். "என்ன மாப்ள, உங்க ஆளு டெபாசிட்டாவது வாங்குனாரா?" என்றார். வாங்கினார் என்றேன். "சரி விடு. போர்ல தண்ணி இறங்கிப் போச்சு, அந்த மோட்டார்காரன் நம்பர் இருந்தா அனுப்பு" என்றார்.